டாக்டர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில்

அன்பு மகள் வாசுகிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கீழே கார் நிறுத்துமிடத்தில் நீ உன் அண்ணனைத் திட்டியதை நான் மூன்றாவது மாடி நடைவழியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ நாடு விட்டுப் போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று ரவி செபராங் ஜெயாவிலிருந்து பாலம் தாண்டி வந்திருந்தான். வழக்கம்போல மேலே வரவில்லை. லோரியை நிறுத்தி ஹாரன் அடித்தான், நீ இறங்கிப் போனாய். "அப்பாவுக்கு அறுபது ஆகப் போகுதுண்ணே. அம்மா செத்த அன்னிக்குக்கூட நீ படியேறி வரலை. எனக்கு எலும்புலேர்ந்து எடுத்துக் குடுத்தே, உயிரு குடுத்தே, நான் மறக்கலை. ஆனா பெத்தவரு மூஞ்சியைப் பாக்க மாட்டேன்னா அது என்னா வீம்பு லா? உனக்கு மனசே இல்லையா?" என்று கேட்டாய். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். "எனக்கு மனசு கொஞ்சம் கம்மிதாம்மா" என்று சொல்லி, அண்ணி செய்து கொடுத்த நெத்திலி சம்பால் டப்பாவை உன் கையில் திணித்துவிட்டு, அந்தக் காலை இழுத்து இழுத்து நடந்து லோரியில் ஏறினான். ஏறும்முன் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒரே ஒரு வார்த்தை உன்னிடம் சொல்லியிருந்தால் அவன் தப்பித்திருப்பான், நான் மாட்டியிருப்பேன். அவன் சொல்லவில்லை. பதினோரு வருஷமாக அவன் சொல்லாததை இன்று நான் எழுதுகிறேன்.

நீ எதைப் படிக்கப் போகிறாய் என்று எனக்குப் புரிய வைக்க, இரண்டு மாதத்துக்கு முன் சாப்பாட்டு மேசையில் கரண்டு பில்லின் பின்பக்கம் ஒரு எலும்பை வரைந்து காட்டினாயே, அங்கிருந்து தொடங்குகிறேன். ரத்தத்தை உண்டாக்கும் தாய் அணுக்கள் எலும்புக்குள் மஜ்ஜையில் குடியிருக்கின்றன. அவற்றைக் கையில் உள்ள நரம்பு வழியாக உடம்புக்குள் விட்டால்கூட, உடம்பு முழுக்கச் சுற்றி, கடைசியில் எலும்புக்குத்தான் போய்ச் சேருகின்றன. எப்படி என்று கேட்டேன். எலும்புக்குள் இருக்கும் வேறு சில அணுக்கள் ஒரு ரசாயனத்தை விட்டுக்கொண்டே இருக்கின்றன, தாய் அணுவின் மேல்தோலில் அந்த ரசாயனத்தை மட்டும் பிடிக்கும் ஒரு கொக்கி இருக்கிறது, ரசாயனம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் அது நகரும் என்றாய். ரத்தக் குழாயின் சுவரில் உரசி, உருண்டு, வேகம் குறைந்து, ஒட்டி நின்று, சுவரை நெருக்கிப் பிளந்துகொண்டு உள்ளே நுழையும் என்றாய். பேனா முனையை அழுத்தி அந்தச் சுவரைக் குத்திக் காட்டினாய். அப்புறம் அந்த எலிக்குட்டிகளைப் பற்றிச் சொன்னாய். தாயின் வயிற்றில் இருக்கும்போது ரத்தம் கல்லீரலில் ஊறும், பிறகு எலும்புக்குக் குடிபோகும், அந்த ரசாயனம் இல்லாமல் பிறக்க வைத்த குட்டிகளின் எலும்பு மட்டும் காலியாகவே கிடந்து அவை செத்துப்போயின என்று. "எலும்பு கூப்பிடவே இல்லைப்பா. அதான் வரலை." நான் எழுந்து முகம் கழுவப் போனேன். சாம்பார் காரம் என்று நினைத்திருப்பாய்.

காரணம் அதுவல்ல. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் நான் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த அப்பா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவர், ஷிஃப்ட் முடிந்து வரும்போது உனக்குக் கச்சாங் கடலைப் பொட்டலம் வாங்கி வருபவர். உன்னை ஒரு நாளும் நான் தொட்டு அடித்ததில்லை. ரவிக்குத் தெரிந்த அப்பா வேறு. ஏழு வயதில் வாய்ப்பாடு தவறியதற்கு ரோத்தான் பிரம்பு. பத்து வயதில் பொய் சொன்னதற்குப் பெல்ட்டின் இரும்புப் பக்கம். பதிமூன்று வயதில் சிகரெட் வாசனை வந்ததற்கு, எரிகிற சிகரெட்டையே அவன் உள்ளங்கையில் வைத்து மூடிப் பிடித்தேன். அவன் கத்தினால் இன்னும் அடிப்பேன், அதனால் கத்தாமல் இருக்கப் பழகிக்கொண்டான். அது திமிர் என்று நினைத்து அதற்கும் அடித்தேன். நல்லதுக்குத்தான் அடிக்கிறேன் என்று ஊரிடம் சொன்னேன். வாசுகி, இதை நன்றாகக் கேட்டுக்கொள். அடிக்கிறவன் எல்லாரும் நல்லதுக்குத்தான் என்று சொல்வான். அடிக்கும்போது கையில் ஒரு சுகம் இருக்கும். அதை எவனும் சொல்ல மாட்டான், நான் சொல்கிறேன், இருந்தது. நாளைக்கு நீ கட்டிக்கொள்கிறவன் ஒரே ஒரு தடவை கையை ஓங்கினாலும், காரணம் கேட்டுக்கொண்டு நிற்காதே. பையை எடுத்துக்கொண்டு வெளியே வா.

ரவிக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது, கெட்ட சகவாசம், குண்டர் கும்பல் பையன்களோடு சுற்றினான். அவன் உத்தமன் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு நாள் காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்து, அவன் கட்டிலுக்கு அடியில் தமிழ்ப் பேப்பரில் சுற்றி வைத்திருந்த பாராங் கத்தியை எடுத்தேன். ஒரு முழ நீளம், புதிதாகத் தீட்டியது. அது அவனுடையதுதான். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிக்கூடக் கேட்கவில்லை. பாராங்கைத் திருப்பிப் பிடித்து முதுகுப் பக்கத்தால் அடித்தேன். முதல் அடி தோளில். இரண்டாவது அடிக்கு அவன் இடது கையைத் தூக்கினான், முன்னங்கை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்ட பிறகும் நான் நிறுத்தவில்லை. உங்கம்மா நடுவில் வந்து விழுந்தாள். பாராங்கின் பிடி அவள் இடது காதில் இறங்கியது. காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு வழிந்தது. அந்தக் காதில் அவளுக்குச் சாகும்வரை ஒன்றும் கேட்கவில்லை. சின்ன வயதில் சீழ் வைத்துக் கெட்டுப்போனது என்று உன்னிடம் சொன்னாளே, அந்தக் காதுதான்.

பிறகு அவனைத் தலைமயிரைப் பிடித்து மூன்று மாடியும் இழுத்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன. மலாய்க்காரக் குடும்பம், சீனக் குடும்பம், நம்மவர்கள், எல்லாரும் பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை, என் கையில் பாராங் இருந்தது. கடைசிப் படியில் அவனைத் தள்ளிவிட்டு, "இனிமே இந்தப் படியேறி வந்தே, இதே பாராங்கால வெட்டிப் போட்ருவேன்" என்றேன். அவன் தொங்கிய கையை இன்னொரு கையால் ஏந்திக்கொண்டு எழுந்து நின்றான். "சரிப்பா" என்றான். அவ்வளவுதான். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். மத்தியானம் வந்தபோது, அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று சொன்னேன். அன்றே தலைமுழுகினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, எனக்கு மகன் இல்லை என்று உங்கம்மாவிடம் சொன்னேன். அவள் காதில் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து உன் பள்ளித் தலைமையாசிரியை என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நீ ஐந்தாம் ஆண்டு. அறைக்குள் உன்னை நிற்க வைத்திருந்தார். உன் பாவாடையைக் கொஞ்சம் தூக்கி முழங்காலுக்குக் கீழே காட்டினார். நீலமும் மஞ்சளுமாக அடிபட்ட மாதிரி தடங்கள், இரண்டு காலிலும், முழங்கால் வரைக்கும். "சார், பிள்ளைய என்னாத்தால அடிச்சீங்க?" என்று கேட்டார். நான் தொடவே இல்லை என்றேன். "உங்க ஃபிளாட்டுல விசாரிச்சோம் சார். நீங்க அடிக்கிற ஆளுதான்னு எல்லாரும் சொல்றாங்க. போலீசுக்குப் போகட்டுமா?" எனக்குக் கை எழும்பியது. ஒரு பெண்பிள்ளையை, என் மகளின் டீச்சரை அறைய என் கை பாதி தூரம் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் உன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. சொட்டாக இல்லை, குழாய் திறந்த மாதிரி. மேசையில் இருந்த வருகைப் பதிவேடெல்லாம் நனைந்தது. டீச்சர் தன் சேலைத் தலைப்பைச் சுருட்டி உன் மூக்கில் அழுத்தினார். அது முழுக்கச் சிவந்த பிறகும் நிற்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் உன் இடுப்பெலும்பில் ஊசி இறக்கிப் பார்த்தார்கள். உள்ளே மஜ்ஜையே இல்லை, கொழுப்புதான் இருக்கிறது என்றார்கள். எலும்பு ரத்தம் ஊற வைப்பதை நிறுத்திவிட்டது. காலில் இருந்த தடங்களும் அதனால் வந்தவைதான். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார், மெதுவான குரல். உங்கம்மாவின் இடது பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். "இந்தப் பிள்ளைக்குக் கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். "இல்லை டாக்டர், இவ ஒருத்திதான்."

அப்போது எனக்குக் காரணம் தெரியாது என்று நீ நினைக்கக்கூடும். அந்தச் சலுகைகூட எனக்கு வேண்டாம். டாக்டர் உடனே சொன்னார். கூடப் பிறந்தவர்களின் மஜ்ஜைதான் பொருந்த வாய்ப்பு உண்டு, அம்மா அப்பாவுடையது பெரும்பாலும் பாதிதான் பொருந்தும், ஒரு அண்ணனோ தம்பியோ இருந்திருந்தால் இப்போதே பரிசோதித்துப் பார்த்திருக்கலாம் என்று. பாவம், வருத்தத்தோடு சொன்னார். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். என் மனதில் ஓடியது உன் உயிர் இல்லை, வாசுகி. ஊர் பார்க்கத் தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தள்ளியவனிடம் போய் நிற்க வேண்டுமே என்பதுதான் ஓடியது. மருந்து கொடுக்கிறார்கள், ரத்தம் ஏற்றுகிறார்கள், தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கம்மாவுக்கு ஆங்கிலமும் அரைகுறை, அந்தப் பக்கத்துக் காதும் செத்துப்போயிருந்தது. அவளுக்கு அந்தக் கேள்வியும் தெரியாது, என் பதிலும் தெரியாது.

இருபத்து மூன்று நாள் போனது. மருந்து வேலை செய்யவில்லை. பதினாறாவது நாள் காலையில் நீ படுக்கையில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, கண்ணு முன்னாடி கறுப்பா என்னமோ நிக்குது, தள்ளிவிடுங்க" என்று கையால் காற்றை விலக்கினாய். ரத்தம் உறைய வைக்கும் அணுக்கள் உன் உடம்பில் இல்லாததால் இடது கண்ணின் உள்ளே, பார்வை விழும் நடு இடத்தில் ரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. பிறகு அது வடிந்தும் தழும்பு வடியவில்லை. இன்று மைக்ராஸ்கோப்பில் வலது கண்ணை மட்டும் வைத்துப் பார்க்கிறாய். நோய் எடுத்துக்கொண்ட கண் என்று எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்கிறாய். முன்னாலேயே மஜ்ஜை ஏற்றியிருந்தால் கண் தப்பியிருக்குமா என்று பிறகு டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாது. தப்பியிருக்கலாம்" என்றார். அந்தத் "தப்பியிருக்கலாம்" என்னுடையது. அது நோயின் கணக்கில் போகக் கூடாது.

இருபத்து மூன்றாம் நாள், உன்னைத் துடைத்துவிட வந்த ஒரு மலாய் நர்ஸ் மிஸ்ஸி உங்கம்மாவின் நல்ல காதுப் பக்கமாக நின்று மலாயில் கேட்டாள், "ஒரே பிள்ளையா, அக்கா?" உங்கம்மா, "ரெண்டு. மூத்தவன் இருக்கான்" என்றாள். மிஸ்ஸி ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் ஒரு பிள்ளை என்றுதானே எழுதியிருக்கிறது, அண்ணன் இருந்தால் மஜ்ஜை எடுக்கலாமே, டாக்டரிடம் யாரும் சொல்லவில்லையா என்றாள். நான் வெளியே நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உங்கம்மா வந்தாள். கையில் சாப்பாட்டுக் கேரியர் இருந்தது. அந்தக் கேரியரால் என் முகத்தில் அடித்தாள். குழம்பும் சோறும் சுவரெல்லாம் சிதறியது. மறுபடி அடித்தாள். அடுக்குகள் கழன்று உருண்டு ஓடின, வெறும் கைப்பிடியால் தலையில் அடித்தாள். ஜனங்கள் வந்து பிடித்தார்கள். "என் பிள்ளைய ஒருத்தன வெளிய தள்ளிக் கொன்ன, இன்னொருத்திய உள்ள வெச்சுக் கொல்றியா? போ. அவன் இல்லாம நீ திரும்பி வராத" என்று கத்தினாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அன்றுதான்.

அவன் எங்கே இருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டு ஃபெரிப் படகில் பட்டர்வொர்த் போனேன். அங்கிருந்து செபராங் ஜெயா பக்கம் ஒரு பழைய இரும்புக் கிடங்கு. மத்தியான வெயில். வாசலில் ஏழெட்டுப் பையன்கள். போன வேகத்தில், பழைய பழக்கத்தில், "டேய் ரவி, வெளிய வாடா" என்று கத்தினேன். அங்கே அப்படிக் கத்துகிறவன் எதிரிக் கும்பல்காரனாக இருப்பான், இல்லாவிட்டால் போலீஸ்காரனாக இருப்பான். முதல் உதை வயிற்றில் விழுந்தது. கீழே விழுந்த பிறகு எத்தனை பேர் உதைத்தார்கள் என்று தெரியாது. ஒருத்தன் சங்கிலியால் முதுகில் அடித்தான். தரையோடு தரையாக நான் பார்த்தபோது, கொஞ்ச தூரத்தில் லோரி டயர் மேல் உட்கார்ந்து ரவி சோற்றுப் பொட்டலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். சாப்பிடுவதை நிறுத்தவில்லை. பிசைந்து பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டான். அவன் செய்தது தப்பு என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. வாயில் மண்ணும் ரத்தமுமாக நான் சொன்னேன், "வாசுகிக்கு ரத்தம் ஊற மாட்டேங்குதுடா. எலும்பு காலியா இருக்கு."

சோறு பிசைந்த அவன் கை நின்றது. "டேய், விடுங்கடா" என்றான். எழுந்து வந்து என் எதிரில் குந்தினான். விரல்களில் குழம்பு.

"எப்பலேர்ந்து?"

"ஒரு மாசம் ஆகப் போகுது. உன் எலும்புதான் பொருந்தும்ங்கறாங்க."

"ஒரு மாசமா என்னைத் தேடுனீங்களா?"

தேடினேன், கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். ஏனோ அந்த இடத்தில் பொய் வரவில்லை. "டாக்டர் கேட்டாரு, வேற பிள்ளை இருக்கான்னு. இல்லைன்னு சொல்லிட்டேன்." அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு எழுந்து, என் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, வாயில் ஒரே ஒரு குத்து விட்டான். முன்பல் இரண்டும் போனது அங்கேதான், உன்னிடம் சொன்ன மாதிரி மெஷினில் இல்லை. என் வாழ்க்கையில் அவன் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். அடித்துவிட்டு அழுதவன் அவன்தான், நானில்லை. அந்தக் கும்பலுக்குத் தலைவன் மாதிரி இருந்த ஒருத்தன், "ரவி, இந்த வாரம் நீ எங்கயும் போக முடியாது லா. வேலை இருக்கு. போனா திரும்பி வராத. வந்தா காலோட போக மாட்ட" என்றான். ரவி குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினான். கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு மோட்டார் பைக்கை உதைத்தான். "ஏறுங்க" என்றான். பாலம் முழுக்க அவன் முதுகில் என் ரத்தம் வழிந்துகொண்டு வந்தது.

உனக்கு நினைவிருக்கும். "அண்ணே, சிங்கப்பூர்லேர்ந்து வந்துட்டியா?" என்று கேட்டாய். "ஆமாம்மா, ஏரோப்ளேன்ல" என்றான்.

அவனுடையது முழுசாகப் பொருந்தியது. கோலாலம்பூருக்குக் கொண்டு போனோம். உன் உடம்பில் மிச்சமிருந்ததையும் கொல்ல மருந்து ஏற்றினார்கள். நீ பச்சையாக வாந்தி எடுத்தாய், வாயெல்லாம் வெந்து தோல் உரிந்தது, முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. புது அணுக்கள் வந்து தங்க வேண்டுமானால் பழையதை அழிக்க வேண்டும் என்றார்கள். ரவியை மயக்க மருந்து கொடுத்துக் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் தடிமனான ஊசியால் திரும்பத் திரும்பக் குத்தி உறிஞ்சினார்கள். அதற்கு முன் மயக்க மருந்து டாக்டர் அவனைச் சோதித்தபோது, இடது முன்னங்கை வளைந்து கூடியிருப்பதைப் பார்த்து, "இது எப்படி முறிஞ்சுச்சு?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். "மோட்டார்லேர்ந்து விழுந்துட்டேன் டாக்டர்" என்றான் ரவி. ஒரு பை நிறைய அடர்ந்த சிவப்பாக வந்தது. அதை உன் மார்பில் பொருத்தியிருந்த குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். எலும்பிலிருந்து எடுத்ததை ரத்தக் குழாயில் விடுகிறீர்களே, இது எப்படி எலும்புக்கு வழி கண்டுபிடிக்கும் என்று அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன். "எப்படின்னு எங்களுக்கும் சரியாத் தெரியாது. ஆனா போயிடும்" என்றார். பத்தொன்பது நாள் கழித்து உன் ரத்தத்தில் வெள்ளை அணு முளைத்தது. ஓ வகை ரத்தத்தோடு போன நீ, அண்ணனின் பி வகை ரத்தத்தோடு திரும்பி வந்தாய்.

வீட்டுக்கு வந்த அன்று ரவி உன்னை ஃபிளாட் வாசல் வரை கொண்டு வந்து விட்டான். உங்கம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். அவன் முதல் படிக்கு முன்னால் நின்றான். நானும் அங்கேதான் நின்றேன். "வா" என்று ஒரு வார்த்தை. அது எனக்கு வரவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு உங்கள் பின்னால் ஏறிவிட்டேன். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. வா என்று சொல்லப் பதினோரு வருஷம் போதவில்லை. அவன் அன்று திரும்பிப் போன மூன்றாம் வாரம், சொன்னபடியே அவர்கள் அவனைப் பட்டர்வொர்த்தில் பிடித்து இரும்புக் குழாயால் வலது முழங்காலை அடித்து நொறுக்கினார்கள். அதுவும் நீ நினைக்கிற மாதிரி மோட்டார் விபத்து இல்லை. கால் போன பிறகு அவனால் அவர்களுக்கு உபயோகம் இல்லை, விட்டுவிட்டார்கள். ஒரு சீனரின் பட்டறையில் உட்கார்ந்தபடியே லோரி எஞ்சின் கழற்றக் கற்றுக்கொண்டு இன்று இருக்கிற நிலைக்கு வந்தான். உங்கம்மா செத்த அன்று, நான் படியேறி வராதே என்று சொன்னதை அவன் மீறவில்லை. பாடையைக் கீழே இறக்கும்வரை கார் நிறுத்துமிடத்தில் நின்று, இறக்கியதும் தோள் கொடுத்தான். அந்தக் காலோடு சுடுகாடு வரை நடந்தான். நீ அன்றும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்தாலும் கதிராலும் அடிபட்டுக் காலியான எலும்பு அந்த ரசாயனத்தை வழக்கத்தைவிடக் கூடுதலாக விடுகிறதோ என்று சந்தேகம் இருக்கிறது, அதைத்தான் நான் போய்ப் பார்க்கப் போகிறேன் என்று நீ சொன்னாய். நல்ல வேலை, நன்றாகச் செய். ஆனால் அண்ணனும் அப்படித்தான் வந்தான், ரத்தம் ரத்தத்தைக் கூப்பிட்டது என்று நீ ஒரு நாள் சொன்னாயே, அதை மட்டும் இனிச் சொல்லாதே. அந்த அணுவுக்கு வேறு வழி இல்லை. கொக்கி மாட்டினால் போய்த்தான் ஆக வேண்டும். அதை யாரும் அடிக்கவில்லை, அதன் கையை யாரும் முறிக்கவில்லை, போனால் கால் இருக்காது என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. உன் அண்ணனுக்கு வராமல் இருக்க எல்லாக் காரணமும் இருந்தது. யோசித்து, கையைக் கழுவிக்கொண்டு, தெரிந்தே வந்தான். அதை ரசாயனம் என்று சொன்னால் அவன் செய்தது சின்னதாகிவிடும்.

உங்கம்மா உயிரோடு இருந்தவரை, "நீங்களா சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்" என்பாள். நேற்று ரவியின் பட்டறைக்குப் போய், எழுதப் போகிறேன் என்றேன். "எதுக்குப்பா, அவ ஒத்தைக் கண்ணுலயே நல்லாத்தான் பாக்குறா. போற நேரத்துல அவ மனசைக் கெடுக்காதீங்க" என்றான். நான் கேட்கவில்லை. இந்தத் தடவையாவது அவன் பேச்சைக் கேட்காமல் இருப்பதுதான் சரி என்று பட்டது. அங்கேயே, எண்ணெய்த் தரையில் அவன் வேலையாட்கள் பார்க்க நின்றுகொண்டு, "வீட்டுக்கு வாடா" என்றேன். அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "பாக்கலாம்" என்றான். வருவான் என்று நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. கேட்டதற்காக அவன் வந்தே ஆக வேண்டும் என்றில்லை. நீ அவனிடம் போவது மட்டும் உன் கையில் இருக்கிறது. அவன் மெனக்கெட்டு மறைத்ததை எல்லாம் நீ தெரிந்துகொண்டாய் என்று சொல்லிவிட்டுப் போ.

இந்தக் கடிதத்தை முதலில் உன் பெட்டிக்கு அடியில், கம்பளிச் சட்டைக்குள் வைத்தேன். நீ அங்கே போய்ப் பெட்டியைத் திறந்து படிப்பாய், நடுவில் இத்தனை கடல் இருக்கும், என்னை ஒன்றும் கேட்க முடியாது என்று கணக்குப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அது கோழைத்தனம் என்று தெரிந்து வெளியே எடுத்துவிட்டேன். விமானத்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. மூன்று நாளும் லீவு போட்டிருக்கிறேன். இதைப் படித்து முடித்ததும் அறைக்குள்ளேயே உட்கார்ந்து அழாதே. நான் ஹாலில்தான் இருக்கிறேன். வெளியே வா, வந்து என்னைக் கேள். என்ன கேட்டாலும் இந்தத் தடவை உள்ளதைச் சொல்கிறேன்.

அப்பா